பட்டறையில் விட்ட காரில் பாகம் திருடுபோனால் யார் பொறுப்பு?

பழுதுபார்க்க விட்ட கார் ராத்திரி பட்டறை வாசலில் நிற்கிறது. காலையில் பார்த்தால் அடியில் இருந்த, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை யாரோ அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பட்டறையிலிருந்து ஓனருக்கு போன் வருகிறது: "திருட்டு நடந்துபோச்சு சார், இதுல எங்க தப்பு என்ன இருக்கு? நீங்க இன்சூரன்ஸ்ல கிளெய்ம் பண்ணிக்கங்க." ஓனர் விடுவதாக இல்லை: "உங்ககிட்ட விட்ட வண்டி, நீங்கதான் மாத்தித் தரணும்."

இருவர் சொல்வதிலும் பாதிதான் சரி. பட்டறைக்குள் நடந்தது என்பதற்காக மட்டும் பட்டறைக்காரர் பணம் கட்ட வேண்டியதில்லை. திருடியது வெளியாள் என்பதற்காக மட்டும் அவர் தப்பிக்கவும் முடியாது. பொருள் அப்போது யார் வசம் இருந்தது, அவர் அதை எப்படிப் பார்த்துக்கொண்டார் என்ற இரண்டு கேள்விகளை வைத்துத்தான் சட்டம் இதைத் தீர்க்கிறது. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் பட்டறைக்காரர். இது தெரியாமல்தான் பெரும்பாலான ஓனர்கள் முதல் போனிலேயே தளர்ந்துவிடுகிறார்கள்.

ஒப்படைப்பு என்ற உறவு

ஒரு வேலைக்காக நம் பொருளை இன்னொருவர் கையில் கொடுக்கிறோம். வேலை முடிந்ததும் அவர் அதைத் திருப்பித் தர வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குச் சட்டத்தில் பெய்ல்மென்ட் என்று பெயர், தமிழில் ஒப்படைப்பு. சலவைக்குப் போட்ட துணி, தைக்கக் கொடுத்த சட்டை, பழுதுபார்க்கக் கொடுத்த கடிகாரம் எல்லாம் இதில் சேரும். காரும் அப்படித்தான். சொந்தம் நம்முடையதாகவே இருக்கும், வசம் மட்டும் கை மாறும்.

இந்தியாவில் இது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 148-ஆம் பிரிவில் தொடங்குகிறது. மலேசியாவின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலும் கிட்டத்தட்ட அதே வாசகங்கள் வேறு எண்களில் இருக்கின்றன. இங்கிலாந்திலும் அதன் வழிவந்த சட்டமுறை உள்ள நாடுகளிலும் இதன் பெரும்பகுதி நீதிமன்றத் தீர்ப்புகளால் உருவானது. பெயரும் எண்ணும் மாறினாலும் உள்ளே இருக்கும் தர்க்கம் ஒன்றேதான்.

விஷயமும் புதிதல்ல. கூலிக்கு வெளுக்கக் கொடுத்த துணி வெளுப்பவரிடமிருந்து திருடுபோனால், திருடன் மேல் வழக்குப் போடும் உரிமை துணிக்காரருக்குக் கிடையாது, வெளுப்பவருக்குத்தான் உண்டு என்று கி.பி. 2-ஆம் நூற்றாண்டு ரோமானியச் சட்ட அறிஞர் கேயஸ் எழுதியிருக்கிறார். துணிக்காரர் தன் நஷ்டத்தை வெளுப்பவரிடமே வாங்கிக்கொள்ளலாம், அதனால் திருட்டால் அவருக்கு இழப்பில்லை என்பது காரணம். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறார்: வெளுப்பவரிடம் கொடுக்க வசதி இருந்தால். இன்றைக்கும் வழக்கில் ஜெயித்த பிறகு வருகிற தலைவலி அதுதான்.

ஒப்படைப்பு எப்போது தொடங்குகிறது?

வண்டியை அவர் இடத்தில் நிறுத்தினால் மட்டும் போதாது, வசம் கை மாறியிருக்க வேண்டும். காரைப் பொறுத்தவரை வசம் என்பது பெரும்பாலும் சாவி. கட்டணம் கட்டி வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியை நாமே எடுத்துப்போகும் பார்க்கிங்கை நீதிமன்றங்கள் பல சமயம் வெறும் இட அனுமதியாகத்தான் பார்க்கின்றன. சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால் கதை வேறு.

வசம் எவ்வளவு நுணுக்கமான விஷயம் என்பதற்கு 1938-இல் தொகுப்பில் வெளிவந்த சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று நல்ல உதாரணம். ஒரு பெண் பழைய நகைகளை உருக்கிப் புதிதாகச் செய்யப் பொற்கொல்லரிடம் கொடுத்தார். தினமும் வேலை முடிந்ததும் பாதி செய்த நகைகளை வாங்கி, பொற்கொல்லர் வீட்டிலேயே ஒரு பெட்டியில் பூட்டி, சாவியைத் தானே வைத்துக்கொண்டார். ஒரு ராத்திரி நகை களவு போனது. பொற்கொல்லர் பொறுப்பல்ல என்றது நீதிமன்றம். பெட்டி அவர் வீட்டில் இருந்தாலும், ஒவ்வொரு மாலையும் வசம் உரிமையாளரிடம் திரும்பிவிட்டது என்பது காரணம்.

இதைக் காருக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

1. வேலை நேரத்தில் சாவி கொடுத்து, ஜாப் கார்டு (வண்டியை வாங்கும்போது பட்டறை எழுதும் சீட்டு) போட்டு விட்ட வண்டி: சந்தேகமே இல்லை, ஒப்படைப்பு.
2. பட்டறை திறப்பதற்கு முன்பே யாரிடமும் சொல்லாமல் வாசலில் நிறுத்திவிட்டுப் போன வண்டி: அவர் இன்னும் ஏற்றுக்கொள்ளவே இல்லை. அதற்குள் திருட்டு நடந்தால் கேட்பது கடினம்.
3. பட்டறையே பெட்டி வைத்து, "சாவியை இதில் போட்டுவிட்டுப் போங்கள்" என்று சொல்லியிருந்தால்: சொன்னதே ஏற்பு என்று வாதிட இடம் உண்டு.
4. ஸ்பேர் சாவி ஓனரிடம் இருப்பதால் எதுவும் மாறாது. அதை வைத்து அவர் இடையில் வந்து வண்டியை எடுத்துப்போய்த் திரும்ப விட்டிருந்தால் மட்டும் நாள், நேரம் பற்றிய கேள்வி எழும்.

காரோடு சேர்ந்து ஒப்படைக்கப்படுவது எது என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்டீரியோ, பேட்டரி போன்றவை காரின் பகுதி. பின் சீட்டுக்கு அடியில் வைத்து மறந்துபோன லேப்டாப் அப்படியல்ல. அது அங்கே இருப்பதே பட்டறைக்குத் தெரியாது என்றால் அதற்குப் பொறுப்பேற்றார் என்று சொல்ல முடியாது. பொருள்களை எடுத்துக்கொண்டு வண்டியை விடச் சொல்வது இதனால்தான்.

எவ்வளவு கவனம் போதும்?

இந்தியச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு ஓர் அளவுகோல் வைக்கிறது. அதே அளவும் தரமும் மதிப்பும் உள்ள தன் சொந்தப் பொருளை, அதே சூழ்நிலையில், சாதாரண விவேகமுள்ள ஒருவர் எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அந்தக் கவனம் வேண்டும். அந்தக் கவனத்தை எடுத்துக்கொண்டும் பொருள் போய்விட்டால் பொறுப்பில்லை என்கிறது 152-ஆம் பிரிவு. அதாவது பட்டறைக்காரர் இன்சூரன்ஸ் கம்பெனி அல்ல. பூட்டிய ஷெட்டின் கூரையைப் பிரித்து இறங்கி, காவலாளியைக் கட்டிப்போட்டுத் திருடியிருந்தால், பெரும்பாலும் அவர் தப்பித்துவிடுவார்.

"எல்லா ஒப்படைப்புகளிலும்" என்றே அந்தப் பிரிவு தொடங்குகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். இலவச சர்வீஸ், வாரன்டி வேலை, "சும்மா பார்த்துத் தரேன்" என்று வாங்கிவைத்த வண்டி எல்லாவற்றுக்கும் இதே அளவுகோல்தான்.

இந்த அளவுகோல் நடைமுறையில் எதையெல்லாம் பார்க்கும்?

முதலில், ராத்திரி வண்டி எங்கே நின்றது. என் கணிப்பில் பாதி வழக்குகளின் தலையெழுத்து இந்த ஒரு பதிலில் இருக்கிறது. பகலில் ஷெட்டுக்குள் இருக்கும் வண்டிகளை மாலையில் இடமில்லை என்று தெருவோரம் வரிசையாக நிறுத்திவிட்டு ஷட்டரை இழுத்துப் பூட்டிப் போகும் பட்டறைகள் எத்தனையோ. "எங்கள் இடத்தில் வைத்துப் பழுதுபார்க்கிறோம்" என்று வாங்கிய வண்டியை ஓனருக்குச் சொல்லாமல் தெருவில் நிறுத்திவிட்டு, பிறகு "தெருவில் திருட்டு நடந்தால் நாங்கள் என்ன செய்வது" என்று கேட்பது எடுபடாது.

அடுத்தது சாவி. எண் போட்ட சாவிகள் எல்லாம் யார் வேண்டுமானாலும் எட்டும் ஆணியில் தொங்கினவா, பூட்டிய அலமாரியில் இருந்தனவா? வண்டிக்கு உள்ளே இருந்து போன பாகங்களுக்கு இது முக்கியம். கண்ணாடி உடையாமல் ஸ்டீரியோ போயிருந்தால் கதவு சாவியால் திறந்திருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அப்புறம், முன்பு நடந்தது. போன மாதமே அதே இடத்தில் ஒரு வண்டியில் கன்வெர்ட்டர் போயிருந்தால், இந்த மாதம் "எதிர்பார்க்கவே இல்லை" என்று சொல்ல முடியாது. ஆபத்து தெரிந்த பிறகு எதிர்பார்க்கப்படும் கவனமும் கூடும்.

கழற்றிவைத்த பாகங்கள் தனிக் கதை. வேலைக்காகக் கழற்றிய இன்ஜெக்டரையோ இசியூவையோ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) மேஜை மேல் போட்டுவிட்டுப் போவதும், வண்டியில் போல்ட் போட்டு இருக்கும் பாகம் போவதும் ஒன்றல்ல. கழற்றிய நிமிடத்திலிருந்து அது கையில் எடுத்துப்போகக்கூடிய பொருள், பூட்டிவைக்க வேண்டியதும்கூட.

கடைசியாக, பட்டறையே கொடுத்த வாக்கு. "24 மணி நேரமும் காவல், சிசிடிவி கண்காணிப்பு" என்று விளம்பரம் செய்துவிட்டு, கேமரா வேலை செய்யவில்லை என்று கைவிரிப்பது அவருக்கு எதிராகவே திரும்பும்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் ஏன் குறி?

புகையில் உள்ள நச்சு வாயுக்களை மாற்றும் இந்தப் பாகம் புகைக்குழாயின் வழியில், வண்டிக்கு அடியில் இருக்கிறது. உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டை, அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றின் மெல்லிய பூச்சு. ரோடியத்தின் விலை 2021-இல் வரலாறு காணாத உச்சத்துக்குப் போனது. பல நாடுகளில் இந்தத் திருட்டு பெருகிய காலமும் அதுதான். ஹைபிரிட் கார்களில் இன்ஜின் ஓடும் நேரம் குறைவு என்பதால் பூச்சு அதிகம் தேயாமல் இருக்கும், அதனால் அவற்றுக்குக் கூடுதல் கிராக்கி.

திருட்டு எப்படி நடந்தது என்பதை வெட்டே ஓரளவு சொல்லிவிடும். வெளியிலிருந்து அவசரமாக வருகிறவர் துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்ட மாட்டார், குழாயை ரம்பத்தால் அறுப்பார். அறுந்த முனை பிசிறோடு நிற்கும், ஆக்சிஜன் சென்சாரின் ஒயரும் அறுந்து தொங்கும். அப்படியில்லாமல் போல்ட்டுகள் ஸ்பேனரால் கழற்றப்பட்டு, சென்சார் கனெக்டர் கிளிப்பை அழுத்திப் பதமாகப் பிரிக்கப்பட்டிருந்தால், செய்தவருக்கு நேரமும் லிப்ட்டும் கருவிகளும் இருந்திருக்கின்றன என்று அர்த்தம். அது மட்டுமே ஆதாரம் ஆகிவிடாது. ஆனால் யாரிடம் என்ன கேள்வி கேட்பது என்பதை மாற்றும். போட்டோ எடுக்கும்போது அந்த முனைகளைக் கிட்டத்தில் வைத்து எடுக்க வேண்டும்.

நிரூபிக்க வேண்டியது யார்?

பொதுவாகச் சிவில் வழக்கில் "நீ கவனக்குறைவாக இருந்தாய்" என்று குற்றம் சாட்டுகிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். ஒப்படைப்பில் இது தலைகீழ். பூட்டு எப்படி இருந்தது, காவலாளி தூங்கினாரா, சாவி எங்கே இருந்தது என்பதெல்லாம் பட்டறைக்காரருக்குத்தான் தெரியும், வெளியில் இருக்கும் ஓனருக்குத் தெரிய வழியில்லை. எனவே பொருளைக் கொடுத்தேன், திரும்ப வரவில்லை அல்லது குறைவோடு வந்தது என்று ஓனர் காட்டினால் போதும். அதன் பிறகு, தான் உரிய கவனம் எடுத்துக்கொண்டதை, அல்லது எடுத்திருந்தாலும் இழப்பைத் தடுத்திருக்க முடியாது என்பதைப் பட்டறைக்காரர் நிரூபிக்க வேண்டும். மலேசியத் துறைமுகம் ஒன்றில் காணாமல் போன சரக்கு பற்றிய வழக்கில் லண்டனில் உள்ள மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் 1978-இல் இதைத் தெளிவாகச் சொன்னது. இழப்பு எப்படி நேர்ந்தது என்றே தெரியவில்லை என்றாலும் சுமை ஒப்படைப்பு பெற்றவர் மேல்தான்.

இந்திய உச்ச நீதிமன்றத்தின் 2019 நவம்பர் தீர்ப்பும் இதே வழியில் போகிறது. 1998-இல் டெல்லியில் ஒருவர் தன் காரின் சாவியை ஓட்டல் வாலட்டிடம் (வண்டியை வாங்கி நிறுத்தித் தரும் ஊழியர்) கொடுத்துவிட்டு உள்ளே போனார். வேறு காரில் வந்திருந்த இளைஞர்களில் ஒருவர், தங்கள் வண்டி வரும் இடைவெளியில், அந்தச் சாவியை எடுத்துக் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். சாவி கொடுத்ததே ஒப்படைப்பு, கவனம் எடுத்ததைக் காட்ட வேண்டியது ஓட்டல், அது காட்டவில்லை, எனவே இழப்பீடு என்றது நீதிமன்றம். பட்டறையில் சாவி கொடுப்பது இதைவிட அழுத்தமான ஒப்படைப்பு. வண்டி அங்கே மணிக்கணக்கில் இல்லை, நாள்கணக்கில் நிற்கிறது.

"போலீஸில் புகார் கொடுத்துவிட்டோம்" என்பது இங்கே பதில் ஆகாது. திருட்டு நடந்ததற்குத்தான் புகார் சாட்சி. கவனம் இருந்ததற்கு அது சாட்சியல்ல.

ஆனால் ஓனர் மேலும் ஒரு சுமை இருக்கிறது, பலர் வழுக்குவதும் அங்கேதான். அந்தப் பாகம் வண்டியை விடும்போது இருந்தது என்பதை அவர்தான் காட்ட வேண்டும். "ஸ்டெப்னியே இல்லாமத்தான் சார் வந்துச்சு" என்று பட்டறை சொன்னால் என்ன செய்வது? ஜாப் கார்டில் ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ், ஸ்டீரியோ, வீல் கப் என்று வரிசையாகக் கட்டங்கள் இருப்பது இதற்காகத்தான். அவசரத்தில் அவை காலியாக விடப்பட்ட ஜாப் கார்டில் கையெழுத்துப் போடுவது, பின்னால் சண்டை வந்தால் நம் கையை நாமே கட்டிக்கொள்வது. கன்வெர்ட்டர் மாதிரி பாகங்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அது இல்லாத வண்டி ஸ்டார்ட் செய்ததுமே லாரி போல உறுமும், ஓட்டி வந்தபோது இருந்தது என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள்.

வேலையாளே எடுத்திருந்தால்

"அந்தப் பையன் ஓடிப்போயிட்டான், அவன் செஞ்சதுக்கு நான் எப்படிப் பொறுப்பு?" என்பது அடிக்கடி கேட்கும் வாதம். இதற்கு 1965-இல் இங்கிலாந்தில் வந்த ஒரு தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஒருவர் தன் மிங்க் ரோமச் சால்வையைச் சுத்தம் செய்யக் கடைக்காரரிடம் கொடுத்தார். கடைக்காரர் அனுமதி கேட்டு அதை வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பினார். அங்கே அதைச் சுத்தம் செய்யும் வேலை கொடுக்கப்பட்ட ஆளே திருடிவிட்டார். நிறுவனம்தான் பொறுப்பு என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். பொருளைக் கவனிக்கும் வேலையை யாரிடம் கொடுத்தோமோ அவர் செய்யும் திருட்டு, நாமே கவனம் தவறியதாகத்தான் கணக்கு.

அந்த வழக்கு இன்னொன்றையும் சொல்கிறது. உரிமையாளர் நேரடியாகப் பேசாத இரண்டாவது நிறுவனத்தின் மேலும் அவரால் வழக்குப் போட முடிந்தது. பட்டறைக்காரர் இன்ஜின் ஹெட்டை லேத்துக்கு அனுப்புகிறார், பாடியை டிங்கரிங், பெயின்டிங்குக்கு வேறு ஷெட்டில் விடுகிறார் என்றால் இது பொருந்தும். அங்கே பாகம் போனால், "வெளி வேலைக்குப் போன இடத்தில் போச்சு" என்று சொல்லி முதல் பட்டறை ஒதுங்க முடியாது. நம்மிடம் சொல்லாமலே அனுப்பியிருந்தால் அவர் நிலை இன்னும் மோசம்.

திருட்டை விடக் கண்டுபிடிக்கக் கஷ்டமானது மாற்றிப்போடுவது. நல்ல பேட்டரி போய்ப் பழைய பேட்டரி வந்திருக்கும், புது டயர் இருந்த இடத்தில் தேய்ந்த டயர் இருக்கும். இதற்கு எண்கள்தான் சாட்சி. டயரின் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 3522 என்றால் 2022-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். பேட்டரியில் வரிசை எண் இருக்கும், வாரன்டி அட்டையிலும் அதே எண் இருக்கும். வண்டியை விடும் முன் இவற்றை போனில் படம் பிடிக்க இரண்டு நிமிடம் ஆகாது.

இப்படி மாற்றிப்போடுவது சிவில் பிரச்சினை மட்டுமல்ல. நம்பி ஒப்படைத்த பொருளை நேர்மையற்று எடுத்துக்கொள்வது இந்தியாவில் நம்பிக்கை மோசடிக் குற்றம். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, 2023-இன் 316-ஆம் பிரிவு. கவனக்குறைவால் மூன்றாம் ஆள் திருடியதற்குப் பட்டறைக்காரர் மேல் இந்தப் பிரிவு வராது. அங்கே அவர் கடமை இழப்பீடு மட்டுமே. இரண்டையும் குழப்பிக்கொண்டு எடுத்ததுமே "உன் மேல் கேஸ் போடுவேன்" என்று மிரட்டினால், பேசித் தீர்க்கக்கூடியதும் தீராமல் போகும்.

"நிர்வாகம் பொறுப்பல்ல" என்ற பலகை

"வாகனங்கள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில் நிறுத்தப்படுகின்றன" என்ற பலகை இல்லாத பட்டறை குறைவு. ஜாப் கார்டின் பின்பக்கத்தில் இதே வரி பொடி எழுத்தில் இருக்கும். இதற்கு எவ்வளவு மதிப்பு?

முதலில், அது ஒப்பந்தத்தின் பகுதியாக இருக்க வேண்டும். சாவியை வாங்கி, ஜாப் கார்டு போட்டு முடித்த பிறகு கண்ணில் படுகிற பலகை ஒப்பந்தத்தில் சேராது. கையெழுத்துப் போடும் முன் தெரியும்படி காட்டியிருக்க வேண்டும்.

அப்படிக் காட்டியிருந்தாலும், சொந்தக் கவனக்குறைவுக்கு அது கேடயம் ஆகாது என்பதே பல நாடுகளின் போக்கு. மேலே சொன்ன டெல்லி வழக்கிலும் பார்க்கிங் சீட்டில் "உரிமையாளரின் பொறுப்பில்" என்று அச்சிட்டிருந்தது. ஓட்டலின் கவனக்குறைவை அது மறைக்காது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம், நியாயமான கவனத்தோடும் திறமையோடும் சேவை செய்யும் கடமையை வணிகர் ஒரு வரி எழுதிக் கழற்றிவிட முடியாது என்கிறது. இந்தியாவின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற தனி வரையறையே உண்டு.

அப்படியானால் பலகை எதற்கு? ஓனர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்காமலே போய்விடுவார் என்ற நம்பிக்கையில்தான். அந்த நம்பிக்கை பெரும்பாலும் வீண்போவதில்லை.

தாமதம் எந்தப் பக்கம்?

செவ்வாய்க்கிழமை தருவதாகச் சொன்ன வண்டியைக் காரணமில்லாமல் அடுத்த வாரம் வரை இழுத்தடித்து, அந்த இடைவெளியில் திருட்டு நடந்தால் பட்டறையின் பொறுப்பு கடுமையாகிறது. உரிய நேரத்தில் திருப்பித் தராததால் வரும் இழப்புக்கு அந்த நேரத்திலிருந்து அவரே பொறுப்பு என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 161-ஆம் பிரிவு. இங்கிலாந்தில் 1917-இல் ஒரு வழக்கு: பைண்டிங்குக்குக் கொடுத்த புத்தகங்களைக் கேட்டும் திருப்பித் தராமல் பைண்டர் தாமதித்தார், தீ விபத்தில் அவை எரிந்துபோயின. தீக்கு அவர் காரணமல்ல, ஆனாலும் பொறுப்பு அவருடையது என்றே தீர்ப்பு.

மறுபக்கமும் உண்டு. வேலை முடிந்தது, வந்து எடுங்கள் என்று பலமுறை சொல்லியும் ஓனர் வராமல் இருந்தால், பட்டறையின் வாதம் வலுவாகும். கடமை முழுவதும் மறைந்துவிடாது. ஆனால் நியாயமான கவனம் என்பதன் அளவை நீதிமன்றம் அந்தச் சூழ்நிலையோடு சேர்த்தே எடைபோடும்.

இன்சூரன்ஸ்: யாருடைய பாலிசி?

பட்டறைக்காரர் காட்டும் வழி ஓனரின் பாலிசி. அதில் போவது தவறில்லை, ஆனால் சில விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால் பாகத் திருட்டுக்கு ஒன்றும் கிடைக்காது. முழுப் பாதுகாப்பு பாலிசியில் கிடைக்கும், தேய்மானம் போக. இந்தியாவின் வழக்கமான மோட்டார் பாலிசிகளில் பேட்டரி, டயர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். அதுவரை சேர்ந்த நோ கிளெய்ம் போனசும் போகும். இருசக்கர வாகனங்களுக்கான வழக்கமான பாலிசியிலோ, வண்டியும் சேர்ந்து திருடுபோனாலொழிய உபரி சாதனங்களின் திருட்டுக்குப் பணம் கிடையாது. ஆக, "இன்சூரன்ஸில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்பது நஷ்டத்தில் ஒரு பங்கை ஓனர் தலையில் வைப்பதுதான்.

பட்டறைக்கும் பாலிசி இருக்கலாம். அதிலும் ஒரு வலை உண்டு. பொதுப் பொறுப்பு பாலிசிகள், தங்கள் வசம் உள்ள பிறர் பொருளை வழக்கமாக விலக்கிவிடும். வாடிக்கையாளர் வண்டிகளுக்கென்று தனிப் பாதுகாப்பு எடுத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் இதற்கு கேரேஜ்கீப்பர்ஸ் கவரேஜ் என்று பெயர். அதிலும் பட்டறை சட்டப்படி பொறுப்பு என்றால் மட்டும் பணம் தரும் வகை ஒன்று, பொறுப்பு யாருடையது என்று பார்க்காமலே தரும் வகை வேறு. முதல் வகையை வைத்திருக்கும் பட்டறை, "எங்கள் இன்சூரன்ஸ் மறுத்துவிட்டது" என்று சொன்னால், கம்பெனி பொறுப்பை மறுக்கிறது என்றுதான் பொருள். அது நீதிமன்றத்தின் முடிவு ஆகாது.

ஓனரின் கம்பெனி பணம் கொடுத்த பிறகு, ஓனரின் இடத்தில் நின்று பட்டறையிடம் அந்தத் தொகையைக் கேட்கும் உரிமை அதற்கு வந்துவிடும். டெல்லி கார் வழக்கிலும் ஓட்டலை எதிர்த்து வந்தவர்களில் இன்சூரன்ஸ் கம்பெனியும் உண்டு. இதனால்தான் கிளெய்ம் முடியும் முன், "இனி பட்டறை மேல் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கொடுக்கவே கூடாது. கம்பெனியின் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுத்ததாகச் சொல்லி, உங்கள் கிளெய்மையே அது மறுக்க இடம் கிடைத்துவிடும்.

எவ்வளவு கேட்கலாம்?

பழைய பாகத்துக்குப் பதில் புதிதின் முழு விலை எப்போதும் கிடைக்காது; வண்டியின் வயதைப் பார்த்துக் கழிப்பார்கள். ஆனால் நஷ்டம் என்பது பாகத்தின் விலை மட்டுமல்ல. கன்வெர்ட்டரை அறுத்தால் இரு பக்கக் குழாய்களும் சென்சாரும் போகும். இசியூ போனால் புதியதை இம்மொபிலைசரோடும் (திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டு) சாவிகளோடும் இணைக்க வேண்டும், அதற்குத் தனிக் கூலி. வண்டி இல்லாத நாட்களின் போக்குவரத்துச் செலவையும் ரசீது இருந்தால் சேர்த்துக் கேட்கலாம்.

நடந்துவிட்டால்

1. வண்டியைத் தொடும் முன், நின்ற இடத்திலேயே படம் எடுங்கள். சுற்றுப்புறம், கேட், பூட்டு, கேமரா இருக்கும் இடம் எல்லாம் தெரியட்டும்.
2. சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கும்படி அன்றைக்கே எழுத்தில் கேளுங்கள். பல கருவிகள் சில நாட்களில் பழைய பதிவின் மேலேயே புதியதைப் பதிந்துவிடும்.
3. பட்டறை கொடுத்த புகாரோடு நிற்காமல் உங்கள் பெயரிலும் புகார் கொடுங்கள், அல்லது அவர்கள் புகாரில் உங்கள் வண்டி எண்ணும் போன பாகமும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.
4. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உடனே தெரிவியுங்கள், பின்னால் கிளெய்ம் செய்யாமல் விட்டாலும் பரவாயில்லை.
5. பட்டறைக்கு எழுத்தில் மூன்று கேள்விகள் அனுப்புங்கள்: அன்றிரவு வண்டி எங்கே நின்றது, சாவி எங்கே இருந்தது, என்ன காவல் இருந்தது. பதிலும் ஆதாரம், பதில் வராததும் ஆதாரம்.
6. பேசித் தீரவில்லை என்றால் நோட்டீஸ், அப்புறம் நுகர்வோர் ஆணையம். இந்தியாவில் சம்பவத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் போட வேண்டும்; நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

இத்தனைக்கும் நடுவில் பட்டறை ரிப்பேர் பில்லை நீட்டி, பணம் கட்டினால்தான் வண்டி என்று சொல்லக்கூடும். செய்த வேலைக்கான கூலி வரும்வரை வண்டியை நிறுத்திவைக்கும் உரிமை அவருக்கு உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 170-ஆம் பிரிவு. திருட்டு நடந்ததால் அந்த உரிமை தானாகப் போய்விடாது. ஆனால் திருடுபோன பாகத்தைத் திரும்பப் போட்ட செலவு நீங்கள் சொல்லிச் செய்த வேலை அல்ல. அதைப் பில்லில் சேர்த்திருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மறுப்பில்லாத தொகையைக் கட்டி, ரசீதிலேயே "இழப்பீட்டுக் கோரிக்கைக்குப் பாதகமின்றி" என்று எழுதி வாங்கிக்கொண்டு வண்டியை எடுப்பது நல்லது. டெலிவரி சீட்டில் "வண்டி நல்ல நிலையில், முழுத் திருப்தியோடு பெற்றுக்கொண்டேன்" என்ற அச்சிட்ட வரி இருக்கும். அதை அடித்துவிட்டு, எந்தப் பாகம் இல்லை என்று எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.